வாயை மட்டும் அசை

1

ஏகாம்பரம் சார், நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். உள்பக்கத்தில் என் படம். இங்கே ஒரு கச்சேரியில் கறுப்பு உடையில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் படம். என்னைக் கேட்காமல் எங்கிருந்தோ எடுத்திருக்கிறீர்கள். அது போகட்டும். படத்துக்குக் கீழே இருக்கும் வரிதான் பொய். "நம் பள்ளியில் இசை பயின்று, இன்று ஜெர்மனியில் பாடிவரும் முன்னாள் மாணவி மு. தேவகி."

உங்கள் பள்ளியில் நான் இசை பயிலவில்லை. வாயை மூடப் பயின்றேன். கற்றுக்கொடுத்தது நீங்கள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூசி மெழுகி எழுத வராது. நான் திருத்தணிக்காரி. என் நைனா முனிரத்தினம் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப்பட்டு வண்டியைப் பல வருஷம் ஓட்டினார். நான் ஜெர்மனியில் ஒரு கோரஸில் சம்பளத்துக்குப் பாடுகிறேன். அந்த நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்தைப் பெரிய கூட்டமாக நின்று பாடும் குழு அது. ஏகாம்பரம் சார் நான் படித்த பள்ளியின் பாட்டு வாத்தியார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

எட்டாம் வகுப்பில் வரவேற்புப் பாடல் பயிற்சி நடந்தது. பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை என்று சாரிடம் ஒரு கணக்கு. கட்டை என்றால் பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கான அளவு. ஆர்மோனியத்தில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். எனக்கு அந்த உயரம் எட்டாது. சரணத்தில் பாட்டு மேலே ஏறும்போது என் குரல் கீழேயே நின்று உறுமும். சார் எழுந்து, காதைச் சாய்த்துக்கொண்டு, வரிசை வரிசையாக வந்தார். என் முன்னால் நின்றார்.

"யாருடா இது, நடுவுல ஒரு ஆம்பளப் புள்ளய நிக்க வெச்சிகீறது?"

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு கோபம்கூட இல்லாமல், சாக்பீஸ் எடுத்துவா என்று சொல்கிற மாதிரி சொன்னார். "நீ பாடாத. கடைசில போய் நில்லு. வாய மட்டும் அசை."

பள்ளி முடியும் வரை அசைத்தேன். ஆண்டு விழாவில், சுதந்திர தினத்தில், யாராவது அதிகாரி வந்தால் அவர் முன்னால். நன்றாகவே அசைப்பேன். ஒரு வருஷம் நைனா டூட்டி முடித்து, காக்கிச் சட்டையோடு வந்து கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார். வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்:

"அத்தினி கொரலுலயும் உன் கொரலு தனியா கேட்டுச்சி பாப்பா."

நான் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

2

இதற்காக மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். பழைய கதை. பொய்யான ஒரு வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டு விட்டிருப்பேன். அழைப்பிதழ் வந்த அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவைக் கட்டியிருப்பவர் நகரிக்காரர். ஆந்திரா பக்கம். நான் அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். திருத்தணியிலேயே தங்கி, மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் பெண் லாவண்யா இப்போது எட்டாவது. அதே பள்ளி.

"சித்தி, உன் போட்டோவ பெருசா பேனரு போட்டுக் கட்டிகீறாங்க."

"அத்த வுடு. நீ ஆண்டு விழால பாடுறியா?"

"ஆங், பாட்டுல கீறேன்."

"எங்க, பாடு. கேக்கலாம்."

அவள் முகம் திரையை விட்டு நகர்ந்துபோனது. அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "சொல்லேன்டி. சித்தி கிட்ட சொல்றதுக்கு இன்னா வெக்கம்?"

"நான் கடைசி வரிச சித்தி. சார் வாய மட்டும் அசைக்கச் சொன்னாரு."

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நீ மட்டுமா?"

"இல்ல, ஏழெட்டுப் பேரு. கட்டக் கொரலு கீறவங்கள்லாம். உன் பேனருக்கு நேர் கீழதான் நிக்க வெச்சிகீறாரு."

கேட்டீர்களா? மேலே என் படம் வாயைத் திறந்துகொண்டு. கீழே என் அக்கா மகள் சத்தம் வராமல் வாயை அசைத்துக்கொண்டு.

"நீ போய் சாருகிட்ட கேளு லாவண்யா."

"வாணாம் சித்தி. எனக்குப் பாட்டு வராது. வுட்டுடு."

எனக்குப் பாட்டு வராது. இந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்குள்ளிருந்து பிடுங்கிப் போட எனக்கு எவ்வளவு காலம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். அது பதின்மூன்று வயதில் நுழைந்தால் சுலபத்தில் வெளியே போகாது. அவள் தலையில் அது வேர் விடுவதற்கு முன்னால் பிடுங்க வேண்டும். ஆண்டு விழாவுக்குள் பிடுங்க வேண்டும். இந்தக் குறிப்புகள் அதற்காகத்தான்.

3

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "சினிமால பாடுறியா?" என்று கேட்பார்கள். இல்லை. "டிவில வருவியா?" வருவேன், மூன்றாவது வரிசையில், தலை மட்டும்.

கோரஸில் ஒரே பாட்டை எல்லாரும் ஒரே மாதிரி பாடுவதில்லை. நான்கு வரி உண்டு. பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ். ஒரே நேரத்தில் நான்கும் வேறு வேறு வழியில் போகும், சேர வேண்டிய இடத்தில் வந்து சேரும். நான் ஆல்டோ. அதிலும் அடி ஆல்டோ. ஏகாம்பரம் சார் ஆம்பளைக் குரல் என்றாரே, அந்தக் குரலுக்கு இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். கிடைப்பது கஷ்டம் என்று தேடுகிறார்கள்.

அது எனக்குத் தெரியவந்தது சென்னையில். பி.காம். படிக்கப் போன கல்லூரியில் மேல்நாட்டுப் பாட்டுக் குழு ஒன்று இருந்தது. நான் அதில் சேரவில்லை. சேருகிற ஆளா நான்? ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு நாள் மாடியிலிருந்து கீழே நின்ற வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினேன். குழுவை நடத்திய மேடம் அந்த வழியாக வந்தார்.

"இப்போ கத்தினது யார்?"

"நான்தான் மேம். ஸாரி மேம். தண்ணி வரல."

"தண்ணியை அப்புறம் பார்க்கலாம். சாயந்திரம் ஹாலுக்கு வா."

போனேன். பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டிப் பாடச் சொன்னார். நான் பழக்கதோஷத்தில் வாயை மட்டும் அசைத்தேன். மேடத்துக்குப் புரியவில்லை. காதில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தன் காதைத் தேய்த்துக்கொண்டார். "சத்தம் வரலையே?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, பாடச் சொன்னால் என் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்கிறது என்று.

அதைத் திறக்க ஒரு வருஷம் ஆனது. அடுத்த இரண்டு வருஷம் கோடு போட்ட தாளில் சுரங்களைப் படிக்கக் கற்றேன். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த தொண்டை, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். "வழுக்காதே, படி ஏறு" என்பார் மேடம். படி ஏறுவதைத் திருத்தணி மலைக்காரிக்குச் சொல்லவா வேண்டும்?

பிறகு ஸ்டூடியோக்களில் கூட்டக் குரலில் 'ஆ', 'ஊ' பாடினேன். கல்யாண வரவேற்புகளில் பாடினேன். அந்தச் சமயம் கல்யாணமும் ஆனது. வீட்டுக்காரர் அரக்கோணத்துக்காரர், ரயில் என்ஜின் சம்பந்தப்பட்ட பொறியாளர். அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. கூடவே வந்தேன்.

4

இங்கே வந்ததும் பக்கத்துத் தேவாலயக் கோரஸில் சேர்ந்தேன். மொழி தெரியாது. பாட்டு வரிகளை எப்படிப் படிப்பது? சுரங்களுக்கு மேலே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

கடவுளுக்கு அவர்கள் மொழியில் 'கொத்' என்று வரும். பாட்டில் அதை நீட்டும்போது 'கோத்'. நானும் 'கோத்' என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்து, கடையில் வருகிற 'க' போட்டு, வாய் நிறையப் பாடினேன். வாரா வாரம் பாடினேன். என் பக்கத்தில் ஹில்டா என்ற அம்மாள் நிற்பார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருக்கும். பக்தியில் அழுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து கோட்டு மாட்டும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார். கடவுளுக்கு வருவது தங்கத்தில் வரும் 'க'வாம். கடையில் வரும் 'க' போட்டு நீட்டினால் வேறு அர்த்தமாம். என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து, தன் நாய் தெருவில் செய்வதைக் கையால் பொறுக்கிப் பையில் போடுவது மாதிரி காட்டினார்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அப்டின்னா இன்னாடி அர்த்தம்?"

"சாணின்னு வெச்சிக்கோயேன்."

"அடிப்பாவி! சாமிய சாணின்னு பாடிக்கினு கீறியா? கோயில்ல நின்னுகினு?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். பின்னால் பாவா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"இதுக்கு இன்னா பண்றது பாவா? தமிழ்ல ஒரே 'க' தான கீது. எத்த எழுதி வெச்சிக்கறது?"

"ஏம்மா, திருத்தணி பஸ் ஸ்டாண்டுல பொறந்து வளந்த புள்ள நீ. நகரி பஸ்ஸு போர்டு பாத்ததே இல்லியா?"

பார்த்திருக்கிறேன். நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய், அவர் வண்டி வரும் வரை ஆந்திரா பஸ் நிற்கும் பக்கம் உட்கார்ந்து, போர்டு போர்டாகப் பார்த்திருக்கிறேன். தெலுங்கு படித்ததில்லை. ஆனால் நகரி என்ற மூன்று எழுத்தும் கண்ணில் அப்படியே இருந்தது. நடு எழுத்து గ. கவிழ்த்த கிண்ணத்துக்கு மேல் ஒரு கொக்கி. தங்கத்தில் வருகிற 'க'வுக்கு அவர்கள் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள்.

அன்றே பென்சிலை எடுத்து எல்லாத் தாளிலும் கடவுளின் தலையை மட்டும் தெலுங்கில் மாற்றினேன். அடுத்த வாரம் நான் பாடியபோது ஹில்டாவின் தோள் குலுங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் ஏமாற்றம்கூட அந்த முகத்தில் இருந்தது.

அடுத்த வருஷம் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் போனேன். தேர்வாளர்களில் ஒருவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். அச்சில் ஜெர்மன், மேலே தமிழ், நடுநடுவே தெலுங்கு. "இது என்ன எழுத்து?" என்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: "இது என் மொழி. இது எங்கள் ஊர் பஸ் எழுத்து." அவர் மேலும் கேட்கவில்லை. இடம் கிடைத்தது.

தெலுங்கு பேசுகிறவர்களைக் கிண்டல் செய்கிற பழக்கம் எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் இருந்தது. அதை எழுதாமல் விட முடியாது. அந்த எழுத்து இல்லையென்றால் நான் இன்னும் சாணியைத்தான் பாடிக்கொண்டிருப்பேன்.

5

அலுவலகக் கதை ஒன்று. வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவைப் புதுப்பிக்கப் போனேன்.

"தொழில்?"

"கோரஸ் பாடகி."

"அது சரி, பொழுதுபோக்கு. தொழில் என்ன?"

"அதுதான் தொழில்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தனியாகப் பாடுவீர்களா?" "இல்லை." "அப்படியானால் பின்னால் நிற்பீர்கள்." "ஆமாம், பின்னால்தான் நிற்பேன். ஆனால் பாடுவேன்." எனக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் நன்றாக வரும்.

இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நமக்கு அது கிடையாது. பாஸ்போர்ட்டில் இருந்த நைனா பெயரை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார்கள். அதனால் எல்லாரும் என்னை முனிரத்தினம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோரஸ் நடத்துனர் கோலைத் தட்டி, "முனிரத்தினம் அம்மா, அந்த இடம் இன்னும் அடக்கி" என்பார். நிகழ்ச்சித் தாளில் ஆல்டோ வரிசையில் அச்சடித்திருக்கும்: முனிரத்தினம். அதைப் படம் எடுத்து நைனாவுக்கு அனுப்பினேன்.

"இன்னா பாப்பா, என் பேரப் போட்டுகீறாங்க? நான் எங்க பாடுனேன்?"

"அத்தினி கொரலுலயும் உன் கொரலுதான் நைனா தனியா கேட்டுச்சி."

சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்.

என் பெண் தணிகாவுக்கு எட்டு வயது. ஊர்ப் பெயரைத்தான் வைத்தேன். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் ஊருக்குப் போன் பேசினால் கதவைச் சாத்திக்கொள்வாள். "நீ பெரியம்மாகூட சண்டை போடுற" என்பாள். சண்டை இல்லடி, அதுதான் பேச்சு என்றால் நம்ப மாட்டாள். ஊருக்குப் போனபோது லாவண்யா தெருவில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், "இது பேசுறத கேளுங்களேன், டப்பிங் படம் மாரி கீது" என்று காட்டினாள். அதிலிருந்து தணிகா தமிழையே நிறுத்திவிட்டாள். அதுவும் ஒரு வாயடைப்புதான். அதற்கு நான் யார் மேல் வழக்குப் போடுவது?

6

கல்லூரி முடித்த பிறகு சில வருஷம் கூலிக்குப் பாடினேன். சாவு வீட்டு வழிபாடு, கிறிஸ்துமஸ் கூட்டம், யாருக்காவது ஜலதோஷம் பிடித்தால் அவர் இடம். பிறகுதான் இந்தக் கோரஸ். இங்கே முதல் வருஷம் பரீட்சை வருஷம். வருஷக் கடைசியில் கூடப் பாடுகிறவர்களே ஓட்டுப் போடுவார்கள், இவள் இருக்கலாமா வேண்டாமா என்று. மேலதிகாரி ஒருவரைப் பிடித்தால் முடிந்துவிடும் காரியம் இல்லை. பக்கத்தில் நிற்கிறவள் காது சொல்ல வேண்டும்.

சேருவதற்கு முன்னால் நான் மிகவும் பயந்தது மூச்சுக்கு. சில பாட்டில் ஒரு சுரத்தை ஒரு மனுஷியின் மூச்சால் பிடிக்கவே முடியாத அளவு நீட்ட வேண்டும். அதனால் முறை வைத்து மூச்சு வாங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவள் வாங்கும்போது நான் வாங்கக் கூடாது. நான் நழுவி வெளியே போய், மூச்சை எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் உள்ளே வர வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சத்தம் அறுபடாது. புதியவர்களுக்கு இது சுலபத்தில் வராது. எனக்கு முதல் நாளே வந்தது. நடத்துனர் எங்கே கற்றாய் என்று கேட்டார்.

எங்கே கற்றேன்? ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக்குப் பின்னால் படி ஏறியவர்களுக்குத் தெரியும். நூறு பேர் அரோகரா போட்டுக்கொண்டு ஏறுவோம். எல்லாருக்கும் மூச்சு வாங்கும். ஆனாலும் அரோகரா நிற்காது. ஒருத்தர் விட்ட இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். யாரும் யாரையும் பார்த்து, உன் குரல் கட்டை, நீ வாயை மட்டும் அசை என்று சொல்வதில்லை. மலையில் எனக்குக் குரல் இருந்தது சார். கீழே இறங்கி உங்கள் பள்ளிக்கு வந்தால்தான் போய்விடும்.

சென்ற மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. இனி நான் நிரந்தரம்.

7

லாவண்யா "வுட்டுடு" என்று சொன்ன பிறகு நான் விடவில்லை. சார் எழுதிய வரவேற்புப் பாட்டை அவளை மெட்டோடு முணுமுணுக்கச் சொல்லிக் கேட்டேன். நல்ல மெட்டு. அதையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கீழ் வரி எழுதினேன். மேல் வரி ஏறும்போது இது ஏறாது, கீழேயே நின்று தாங்கும்.

வீடியோவில் சேர்ந்து பாடிப் பார்த்தோம். முடியாது. நான் பாடியது அங்கே போய்ச் சேருவதற்குள் அவள் வேறு இடத்தில் இருப்பாள். அதனால் என் குரலைப் பதிந்து அனுப்ப முடிவு செய்தேன். மேல் வரியை யார் பாடுவது? எனக்கு அந்த உயரம் இன்றைக்கும் எட்டாது. சமையலறையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து தணிகா வந்தாள்.

"எனக்கு அது தெரியும்" என்றாள் ஜெர்மனில். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பாடினாள். 'வருக' என்பது 'வர்ருகா' என்று வந்தது. 'மலர்கள்' என்ன ஆனது என்று எழுத எனக்கு மனசு இல்லை. சுரம் மட்டும் ஆணி அடித்த மாதிரி இருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். லாவண்யாவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"சித்தி, தணிகா பாடுறது டப்பிங் மாரியே கீது. ஆனா செமயா கீது. உன்னுது இன்னா, ஒரே எடத்துல நின்னுகினு கீது? இதுவா பாட்டு?"

பதில் அனுப்பினேன். "பஸ்ஸுல போறப்ப என்ஜின் சத்தம் உன் காதுல உழுதா? உழாது. அது நின்னு போனா மொத்த ஜனமும் தலய நிமித்திப் பாக்கும். அதான் நம்ம வரி."

அடுத்த சனிக்கிழமை கடைசி வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் மலைக்குப் போயிருக்கிறார்கள். படி ஏறும் வழியில் ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே குரல் எழும்பும். போனைத் தூணுக்கு அடியில் வைத்துப் பாட ஆரம்பித்திருக்கிறார்கள். பதிந்து எனக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொசு மாதிரி ஒரு முனகல். பிறகு பூ விற்கிற ஓர் அம்மாளின் குரல் நடுவில் வருகிறது:

"இன்னாங்கடி, நோவு வந்த மாரி முனகிக்கினு கீறீங்க? பாடுறதுன்னா வாயத் தொறந்து பாடுங்கடி. இல்லாங்காட்டி எடத்தக் காலி பண்ணுங்க, யாவாரம் பண்ணணும்."

சிரிப்பு. ஒருத்தி, "நீ பூ விக்கிற வேலயப் பாரு ஆயா!" என்கிறாள். அப்புறம் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். இந்தத் தடவை குரல் வந்தது. ஏழெட்டுப் பேரின் கட்டைக் குரல். மண்டபத்துக் கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. மேலே யாரோ அரோகரா போட்டுக்கொண்டு போகிறார்கள். இதுகள் நிறுத்தவில்லை. ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் பிடித்துக்கொள்கிறாள். அதை நான் சொல்லித்தரவே இல்லை.

"யாருடி உங்களுக்கு அத்தச் சொன்னது?" என்று கேட்டேன்.

"காவடிக்குப் பின்னால போறப்ப பண்றதுதான சித்தி" என்றாள் லாவண்யா.

அன்றிலிருந்து 'பாட்டு வராது' என்று அவள் சொல்லவில்லை. இப்போது தணிகாவுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறாள். 'மலர்கள்' சொல்லிக்கொடுக்கிறாள். தணிகா அவளுக்கு ஜெர்மனில் திட்டுவதற்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அது கடையில் வருகிற 'க'வில் ஆரம்பிக்கிறது.

8

போன வாரம் லாவண்யாவே சாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். நான் தூண்டவில்லை.

"சார், நாங்க கீழ் வரி கத்துகினோம் சார். பாடட்டுமா சார்?"

"ஒரு மேடையில ரெண்டு பாட்டு ஒரே நேரத்துல பாடுவாங்களாம்மா? அதெல்லாம் அவங்க ஊர் வழக்கம். நமக்கு ஒத்துவராது."

"ஒரு வாட்டி கேட்டுட்டுச் சொல்லுங்க சார்."

"நேரமில்ல. உங்க சித்தி வந்தா நான் பேசிக்கிறேன். போ."

சித்தி வந்துவிட்டேன் சார். ஆண்டு விழாவுக்கு லீவு கிடைக்காததால் இந்தப் பத்திரிகை வழியாக வந்திருக்கிறேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் இது தொங்கும் என்று தெரிந்துதான் இதில் எழுதுகிறேன்.

உங்களைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. உங்களிடம் ஓர் ஆர்மோனியம், ஒரு கட்டை, ஒரு பாட்டு. பிள்ளைகளோ பல குரல். பரிசு கொடுக்க வருகிறவர்கள் முன்னால் எதுவும் பிசிறடிக்கக் கூடாது என்று பயந்தீர்கள். பிசிறை மறைக்க உங்களுக்குத் தெரிந்த ஒரே வழி வாயை அடைப்பது. இன்னொரு வழி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கீழே இருக்கிறது. அந்த வரி தயாராக இருக்கிறது. உங்கள் பாட்டுக்குத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. மண்டபத்தில் பதிந்ததை லாவண்யா போனில் வைத்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் பாட்டு இவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கும்.

என் படத்தை எடுக்க வேண்டாம். பேனரும் இருக்கட்டும். படத்துக்குக் கீழே உள்ள வரியை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவதும் மாற்றாததும் நீங்கள் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது. கடைசி வரிசை பாடினால், 'நம் பள்ளியில் இசை பயின்று' என்று தாராளமாகப் போடுங்கள். நான் மறுக்க மாட்டேன். என் பங்குக்கு நானும் பொய் சொல்கிறேன்.

கேள்வி ஒன்றுதான். இந்த ஆண்டு விழாவில் கடைசி வரிசைப் பிள்ளைகள் பாடுவார்களா, வாயை அசைப்பார்களா?

எனக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடாதீர்கள். பாவாவை ஆட்டோ ஸ்டாண்டில் தனியாகப் பார்த்துச் சமாதானம் சொல்லாதீர்கள். விழா மேடையில், மைக் முன்னால் நின்று, பெற்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். என் நைனா அன்றைக்கு வருவார். பழைய இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால்தான் நிற்பார். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

அதனால் வாயை மட்டும் அசைக்காதீர்கள் சார். சத்தமாகச் சொல்லுங்கள்.